எட்டு இதழ் ஜப்பான் முத்திரை

அக்டோபர் மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து வந்து, ஆறு தோசையை உள்ளே தள்ளிவிட்டு, ரபேல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். கையைக்கூடக் கழுவவில்லை. அப்படியே ஒரு பிரகடனம் செய்தார்.

"டிசம்பர் முதல் ஞாயிறு, பின்ரூமைத் தொறக்கிறேன்."

"அது தொறந்துதானே கெடக்கு?" என்றாள் அவர் மனைவி குளோரியா. "நீங்க சாவியைத் தொலைச்சு ஆறு மாசமாச்சு."

"அந்தத் தொறக்கிறது இல்லம்மா. மியூசியம்! ரபேல் போர்க்கால மியூசியம். ரிப்பன் கட்டி, கத்திரிக்கோல் வச்சு, நாலு பேரைக் கூப்பிட்டுத் தொறக்கிறது."

"கத்திரிக்கோல் என்னோடதா, ஜப்பான்காரனோடதா?"

மேதைகள் இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வதில்லை அல்லவா?

இந்த மேதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் ஏமாந்து மரியாதை வைத்துவிடுவீர்கள். ரயில்வே ஸ்டோரில் முப்பத்திரண்டு வருஷம் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்த ஆள். அங்கே பெரியவன் சின்னவன் எல்லாருக்கும் அவர் 'ஓய் ரபேல்'தான். ரிட்டயர் ஆனபிறகு போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் புல்வெளியைத் தோண்டி, ஒரு துருத் தகரத்தை எடுத்து, துடைத்து, முத்தமிடாத குறையாகக் காட்டுகிறான். இவருக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. உடனே ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போய்ச் சேர்ந்தார். அதில் நாற்பது ஆம்பிளைகள். துருவைப் போட்டோ எடுத்து ஒருத்தருக்கொருத்தர் அனுப்புவதுதான் அவர்களுக்கு வேலை. அங்கே எல்லாரும் இவரை 'சார்' என்றார்கள். மனுஷனைக் கெடுத்தது அந்த 'சார்'தான். அறுபது வயதில் முதல் தடவையாக ஒருத்தன் 'சார்' என்று கூப்பிட்டால் யாருக்குத் தலைகால் புரியும்?

சுங்கை பூலோவில் அவர்களுடையது வரிசையாய் ஒட்டிக் கட்டிய ஒற்றை மாடி டெரஸ் வீடு. பின்ரூமுக்கு ஜன்னல் உண்டு, ஃபேன் உண்டு, கொல்லைக்குப் போக ஒரு கதவும் உண்டு. மகள் ஷாமினி கல்யாணமாகிச் செமினிக்குப் போனபிறகு அந்த ரூம் காலியானது. குளோரியா அதன்மேல் கண் வைத்தாள். அவள் கண் வைத்த மறுவாரமே ரபேல் சாமான் வைத்துவிட்டார்.

என்ன சாமான் என்கிறீர்கள்? ஓட்டை விழுந்த ஹெல்மெட் ஒன்று. மூடி இல்லாத தண்ணீர்ப் போத்தல். இடது கால் பூட்ஸ் மூன்று, வலது கால் ஒன்றுகூடக் கிடையாது. நசுங்கிய சாப்பாட்டு டின், பெல்ட் கொக்கி, எதிலிருந்து கழன்றது என்று செய்தவனுக்கே தெரியாத இரும்புத் துண்டுகள். ஜப்பான்காரன் இந்த ஊரை ஆண்டபோது அடித்த, வாழைமரம் போட்ட நோட்டு நாலு மட்டும் அசல், அதுவும் குளோரியாவின் அப்பா கொடுத்தது. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய ஒரு அட்டை. எல்லா அட்டையிலும் ஒரே வாசகம்: 'ஜப்பான் ராணுவம், 1942.'

"எல்லாமே நாப்பத்திரெண்டுதானா?" என்று குளோரியா ஒருநாள் கேட்டாள். "நாப்பத்துமூணுல ஒருத்தனும் எதையும் கீழே போடலையா?"

"உனக்கு ஹிஸ்டரி தெரியாது. பேசாம இரு."

"ஹெல்மெட்ல ஓட்டை நடு உச்சியில இருக்கே. அங்க எப்படிச் சுட்டான்?"

"மரத்து மேல ஏறி உக்காந்து சுட்டான்."

"உள்பக்கம் உரம் ஒட்டியிருக்குங்க. யாரோ செடி வச்சிருந்திருக்காங்க."

"போர்க்கள மண்ணு அது! வாயை மூடு."

இப்போது குளோரியாவின் பக்கத்தையும் கேளுங்கள். அவள் செய்யும் அச்சு முறுக்குக்குச் செந்தூல் வரை பேர். கம்பி முனையில் பூ மாதிரி வார்த்த இரும்பு அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் தோய்த்து, திரும்ப எண்ணெயில் விட்டால் பூப்பூவாகக் கழன்று மிதக்கும். கிறிஸ்மஸ் வந்தால் சிவப்பு மூடிப் போத்தல்களில் அடைத்து விற்பாள். போன வருஷம் கொல்லையில் தகரக் கூரைக்கு அடியில் பொரித்தாள். மழைச் சாரல் குவாலிச் சட்டிக்குள் அடித்து, எண்ணெய் வெடித்து, முழங்கையெல்லாம் கொப்புளம். இருபது போத்தல் முறுக்கு நமுத்துப் போனது. இந்த வருஷம் நூற்றிருபது போத்தலுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பின்ரூம் கிடைக்காவிட்டால் அத்தனை பேரிடமும் போய் இல்லையென்று சொல்ல வேண்டும்.

ரபேலுக்கு இதெல்லாம் தெரியாது. போத்தலைத் திறந்து தின்பதோடு அவர் வேலை முடிந்தது. அடுப்படிக்குள் அவர் கடைசியாகக் கால் வைத்தது வெள்ளம் வந்த வருஷம், ஃப்ரிட்ஜைத் தூக்க.

"என்னங்க, டிசம்பர் மட்டும் அந்த ரூமைக் கொடுங்களேன். ஒரே மாசம்."

"மியூசியத்துல எண்ணெய்ப் புகையா? சரித்திரத்துக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"என் கை வெந்தாப் பரவாயில்லையா?"

"கவனமாப் பொரிக்கணும்லா."

குளோரியா அவரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தொரு வருஷமாக அந்தப் பார்வையைப் பார்த்தும் அந்த ஆள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

"சரி. உள்ளே இருக்கிறதெல்லாம் போர் சாமான்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"கண்ணு! முப்பத்திரெண்டு வருஷம் இரும்பைப் பார்த்த கண்ணு."

"ஒண்ணே ஒண்ணு தப்பாப் போனா?"

"போகாது."

"போனா?"

"அன்னிக்கே ரூமைக் காலி பண்ணி உன் கையில கொடுத்திர்றேன். போதுமா?"

"குரூப்ல சொல்லுங்க."

சொன்னார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருபத்து மூன்று பேர். தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் நிற்கிற நினைப்பில், குரல் பதிவு போட்டார்: "ரபேலாகிய நான் சொல்வது. என் மியூசியத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் என் கண்ணால் சோதித்து உறுதி செய்யப்பட்டது. திறப்பு விழாவன்று அதில் ஒன்று தப்பென்று எவரேனும் நிரூபித்தால், அன்றைக்கே ரூம் குளோரியாவுக்கு." ஷாமினி கட்டைவிரல் போட்டாள். குளோரியாவின் தம்பி நைஜல் சிரிக்கிற முகம் ஏழு போட்டான். குளோரியா எதுவும் போடவில்லை. அந்தப் பதிவைத் தன் போனில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுவாரம் கொல்லையில் ஒரு காலிப் பூந்தொட்டிக்குக் குளோரியா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் மட்டுமா, கொஞ்சம் வினிகர், ஒரு கை உப்பு.

"என்னம்மா, மண்ணுக்கு ஊறுகாய் போடுறியா?"

"பூ ஒண்ணு வச்சிருக்கேங்க."

"உப்பும் வினிகரும் ஊத்தினா எந்தப் பூ வரும்?"

"இது வேற ஜாதி. வந்ததும் நீங்கதான் முதல்ல பாப்பீங்க."

ரபேல் 'பொம்பளைங்க புத்தி' என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு இடது கால் பூட்ஸுக்கு எண்ணெய் தடவ உட்கார்ந்தார்.

நவம்பர் நடுவில் கிள்ளானிலிருந்து பாலன் கூப்பிட்டான். பாலன் பழைய சாமான் கடைக்காரன். ரபேலின் மியூசியத்தில் முக்கால்வாசி அவன் சரக்குதான். மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளியதையெல்லாம் அவன் ஒரு பெட்டியில் போட்டு வைப்பான். அந்தப் பெட்டிக்கு 'சார் பெட்டி' என்று பேர்.

"சார், ஒரு சாமான் வந்திருக்கு. என்னன்னு எனக்கே புரியலை. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

நாற்பது நிமிஷ தூரத்தை ரபேல் அரை மணியில் கடந்தார். பாலன் பழைய பேப்பரில் சுற்றிய ஒன்றை மேசைமேல் வைத்தான். ரபேல் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். பூதக்கண்ணாடியை எடுத்தார். பேப்பரைப் பிரித்தார்.

ஒரு சாண் கம்பி, கைப்பிடி இல்லை. முனையில் துருப்பிடித்த ஒரு இரும்புப் பூ.

தட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். கம்பியின் பட்டையான இடத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ எழுத்து. ரபேல் பூதக்கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"எங்கேருந்து எடுத்தது?"

"மண்ணுக்கடியிலேர்ந்து சார்."

"யார் கொடுத்தா?"

"ஒரு அம்மா. அவங்க அம்மா காலத்துச் சாமானாம்."

கவனியுங்கள், பாலன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஐந்நூறு ரிங்கிட் கேட்டான். ரபேல் முகத்தைச் சலிப்பாக வைத்துக்கொண்டு, இரண்டு தரம் வாசல் வரை போய்த் திரும்பி, முந்நூற்றைம்பது வெள்ளிக்கு முடித்தார். பாலனை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"என்னங்க இது?"

"தொடாதே! கையுறை இல்லாமத் தொடாதே!"

குளோரியா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "பூ மாதிரி இருக்கு."

"பூவேதான். செவ்வந்தி. ஜப்பான் சக்கரவர்த்தியோட சின்னம். துப்பாக்கியிலகூட இதைத்தான் குத்தியிருப்பான்."

"எட்டு இதழ் இருக்குங்க."

"சக்கரவர்த்திக்குப் பதினாறு. இது எட்டு, சரிபாதி. அப்படின்னா என்ன அர்த்தம்? பாதி அதிகாரம். பெரிய தளபதி ஒருத்தனோடது."

"அடேயப்பா! கம்பியில புள்ளிப் புள்ளியா?"

"ஜப்பான் எழுத்து. படைப்பிரிவு நம்பர்."

"இதை வச்சு என்ன பண்ணுவாங்க?"

"முத்திரை போடுவாங்க. மரப்பெட்டி, தோல் பை, எல்லாத்துக்கும். நல்லா சூடு ஏத்தணும். ஒரே அமுக்கு. உடனே எடுத்துரணும்."

"சூடு பத்தலைன்னா?"

"ஒட்டிக்கும். பூ பிஞ்சு வரும். அதுக்கெல்லாம் கைப்பக்குவம் வேணும்மா, எல்லாராலயும் முடியாது."

"ஆமாங்க, ஆமாங்க," என்றாள் குளோரியா. அந்த நேரம் பார்த்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. துண்டை வாயில் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் இருமினாள்.

ரபேல் போட்டோ எடுத்து நாற்பது பேர் குரூப்பில் போட்டார். 'எட்டு இதழ் முத்திரை, ஜப்பான் ராணுவம், 1942.' சார், சார், சார் என்று நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தது. அதில் ஒருத்தன் வீட்டிலாவது அடுப்படி இருந்திருக்காதா? இருந்திருக்கும். போய்ப் பார்த்தவன்தான் இல்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு, பூசை முடிந்து பதினைந்து பேர் வந்தார்கள். முக்கால்வாசி ஜெபக் கூட்டத்துப் பெண்கள். நைஜல் வந்தான், ஷாமினி வந்தாள், கிள்ளானிலிருந்து பாலனும் வந்தான். ரபேல் கோட்டு போட்டிருந்தார். அந்த வெயிலில் கோட்டு! குளோரியாவின் கத்திரிக்கோலால் ரிப்பனை வெட்டினார். பூட்ஸுக்கு ஐந்து நிமிஷம், ஹெல்மெட்டுக்குப் பத்து நிமிஷம் பேசினார். பெண்கள் விசிறிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் நடுவில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் போய், அதன்மேல் போர்த்தியிருந்த சிவப்புத் துணியை இழுத்தார்.

"பெரியோர்களே. இந்த மியூசியத்தின் மகுடம்!"

பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். விசிறி நின்றது. ஒருத்தி பக்கத்தில் நின்றவளைக் கிள்ளினாள்.

ஜெபக் கூட்டத்துக்கு மூத்தவர் சாந்தமேரி ஆன்டி. எழுபத்திரண்டு வயது. கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ரபேல், இது என்னப்பா?"

ரபேல் விடுவாரா? செவ்வந்தி, சக்கரவர்த்தி, பாதி அதிகாரம், படைப்பிரிவு, எல்லாவற்றையும் எடுத்து விட்டார். "இதை நல்லா சூடாக்கி, ஒரே அமுக்கு..."

"அமுக்கக் கூடாதுப்பா," என்றார் ஆன்டி. "முக்கணும். அதுவும் முக்கால்வாசிதான். முழுசா முக்கினா மாவு கழண்டு வராது."

"எந்த மாவு ஆன்டி?"

"அச்சு முறுக்கு மாவுதான். வேற எந்த மாவு?"

அதைக் கேட்டு எழுந்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நைஜல் கீழே உட்கார்ந்துவிட்டான். ஷாமினிக்குக் கண்ணில் தண்ணீர். ஆனாலும் ரபேல் அசரவில்லை. முட்டாள்தனத்துக்கும் ஒரு வீரம் வேண்டும், அது அவரிடம் நிறைய இருந்தது.

"ஆன்டி, பார்க்க அப்படித்தான் தெரியும். சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் புரியாது."

"அப்ப இதையும் பாருங்க," என்று குளோரியா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் இன்னொரு அச்சு. துருவில்லை, மரக் கைப்பிடியோடு பளபளவென்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் எட்டு இதழ். இரண்டு கம்பியிலும் அதே இடத்தில் அதே புள்ளி எழுத்து. துருப்பிடித்ததைத் திருப்பி நேராக வைத்தாள்.

"படிங்க."

ரபேல் படித்தார். ம. தெ. என்று இருந்தது.

"மரியதெரேசா. எங்கம்மா. ஜோடியா வாங்கி, பாத்திரக் கடையிலேயே பேர் வெட்டி எனக்குச் சீரா கொடுத்தாங்க. ஒண்ணுல கைப்பிடி போயிருச்சுன்னு சும்மா கெடந்துச்சு. முப்பத்தொரு வருஷமா இதுல சுட்டதைத்தான் தின்னிருக்கீங்க. நீங்க தலைகீழாப் பிடிச்சு ஜப்பான் எழுத்துன்னு சொல்லிட்டீங்க."

ரபேல் பாலன் பக்கம் திரும்பினார். முகம் சிவந்து போயிருந்தது. "டேய்! மண்ணுலேர்ந்து எடுத்ததுன்னு சொன்னியே!"

"பூந்தொட்டியும் மண்ணுதானே சார்? போர் சாமான்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா? எல்லாம் நீங்களே சொன்னீங்க." பாலன் குளோரியாவைக் காட்டினான். "அக்கா ரெண்டு மாசம் முன்னாடி கடைக்கு வந்தாங்க. சார் பெட்டியைப் பார்த்தாங்க. நான் சொல்றதைச் செய்றியா, இல்ல இதுக்கெல்லாம் நீ என்ன விலை போட்டேன்னு ஊர் பூரா சொல்லவான்னாங்க. நான் என்ன செய்றது?"

"நீ வேணும்னே வச்சிருக்கே!" என்று ரபேல் மனைவி மேல் பாய்ந்தார்.

"நான் வச்சது பூந்தொட்டியிலங்க. கண்ணாடிப் பெட்டியில வச்சது நீங்க."

"என் முந்நூத்தைம்பது வெள்ளி?"

"பாலன் அப்பவே கொண்டாந்து கொடுத்திருச்சு. புது அடுப்பு வாங்கியாச்சு. ரெண்டு பர்னர்."

குளோரியா போனை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். "ரபேலாகிய நான் சொல்வது..." என்று ரபேலின் குரல் ரூம் முழுக்கக் கணீரென்று கேட்டது. சாந்தமேரி ஆன்டி கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆமென் என்றார்.

நாலு மணிக்கு ரூம் காலி. இரும்பெல்லாம் பாலன் வேனில் ஏறி வந்த வழியே கிள்ளானுக்குப் போனது. பூட்ஸை அவன்கூட எடுக்கவில்லை. ஜப்பான் நோட்டு நாலும் குளோரியாவின் பைபிளுக்குள் போனது. ஹெல்மெட்டில் அவள் பாண்டான் செடி வைத்தாள். நல்ல ஓட்டை, தண்ணீர் தேங்கவே இல்லை.

மறுநாள் காலை பின்ரூமில் புது அடுப்பு எரிந்தது. வெளியே மழை கொட்டியது, உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. குளோரியா ரபேலைக் கூப்பிட்டு, மரக் கைப்பிடி போட்ட அச்சை அவர் கையில் கொடுத்தாள்.

"நானா? நான் ஏன் பொரிக்கணும்? ரூமைத்தான் கொடுத்திட்டேன்லா!"

"ரூமைக் கொடுத்திட்டீங்க. ஆனா ஷாமினி நேத்து முழுக்க வீடியோ எடுத்திருக்கா. செவ்வந்தி, சக்கரவர்த்தி, ஆன்டி சொன்னது, எல்லாம் இருக்கு. உங்க நாப்பது பேர் குரூப்புக்கு அனுப்பலாமான்னு கேக்கிறா. என்ன சொல்லட்டும்?"

ரபேல் போனைப் பார்த்தார். காலையிலிருந்து அதில் பன்னிரண்டு 'சார்' வந்திருந்தது. திறப்பு விழா எப்படி நடந்தது சார் என்று கேட்டிருந்தார்கள். அந்த நாற்பது பேரை விட்டால் இந்த உலகத்தில் அவர் மறுபடியும் ஓய் ரபேல்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அச்சை வாங்கி எண்ணெயில் வைத்தார். முதல் பூ பிய்ந்தது. இரண்டாவதும் பிய்ந்தது. மூன்றாவது அச்சோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது.

குளோரியா ஃபேனுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"சூடு பத்தலை, சார். எட்டு இதழும் முழுசா வரணும், இன்னும் நூத்திருபது போத்தல் இருக்கு."